ஒரே கதவிலக்கம், மூன்று கடைசிப் பெயர்கள்

1. நான் வேலைக்குச் சேர்ந்த குளிர்காலத்தில் என்னை எஸ்.கியூ.எல். படிக்கச் சொன்னார்கள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி அது.
2. பயிற்சிக்குக் கற்பனை விவரங்கள் தரவில்லை. நிறுவனத்தின் வாடகைக் குடியிருப்பாளர்களின் விவரங்களையே பிரதி எடுத்துத் தந்தார்கள்.
3. ஒரு பயிற்சிக்கு நான் எழுதிய கேள்வி பிழையில்லாமல் ஓடியது.
4. அந்த விடையை மேலாளர் உண்மை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.
5. அதே நிறுவனத்துக்குச் சொந்தமான எங்கள் கட்டடத்தில், எனக்குக் கீழ்மாடியில் இருந்த அக்காவின் குடும்பத்துக்கு வீட்டை விடச் சொல்லிக் கடிதம் போனது.

அலுவலகம் மார்க்கம் என்ற நகரத்தில் இருந்தது. அடுக்குமாடி வீடுகளை வாடகைக்கு விடும் நிறுவனம். நான் குடியிருந்த ஸ்காபரோவிலிருந்து பஸ் மாறி மாறிப் போய், கடைசித் துண்டைப் பனியில் நடப்பேன். யாழ்ப்பாணத்தில் கணிதமும் இங்கே கொம்பியூட்டரும் படித்திருந்ததால் பயிற்சிப் புத்தகம் சிரமமாக இருக்கவில்லை. பச்சை எழுத்துத் திரையில் ஒவ்வொன்றாக அடித்து, விடை வந்ததும் ஓரத்தில் சரி போடுவேன். என்ன வேண்டும், எந்த அட்டவணையிலிருந்து, என்ன நிபந்தனை. கடைக்குச் சாமான் வாங்கப் போகும்போதும் மனதில் அந்த ஒழுங்கில்தான் எழுதிக்கொள்வேன்.

சேர்த்து எண்ணும் பாடத்துக்கு மேலாளர் தானே ஒரு கேள்வி தந்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்பதுதான் எங்கள் ஒப்பந்தம். ஒன்றுக்கு மேற்பட்ட கடைசிப் பெயர் இருக்கிற வீடுகளை எடு, பார்க்கலாம்."

வீட்டிலக்கப்படி சேர்த்தேன். வெவ்வேறு கடைசிப் பெயர்களை எண்ணினேன். ஒன்றைவிடக் கூடியவற்றை மட்டும் கேட்டேன். முதல் தடவையே ஓடியது. நான் இலக்கங்களை மட்டும்தான் கேட்டிருந்தேன். பெயர்கள் திரைக்கு வரவில்லை. அவர் அச்சுத் தாளைக் கிழித்துக்கொண்டு போனார். நான் அடுத்த பாடத்தைத் திறந்தேன்.

அடுத்த வாரம் அக்கா கடிதத்தோடு மேலே வந்தா. கணவரும் பின்னால் வந்தார்.

"பிள்ளை, உது உம்மட ஒப்பீஸ் கடிதமெல்லோ? என்னவாம்?"

வாசித்தேன். ஒப்பந்தத்தை மீறி இரண்டு மூன்று குடும்பங்களை வைத்திருக்கிறீர்கள், மாத முடிவுக்குள் விளக்கம் தராவிட்டால் வீட்டை விட வேண்டும் என்று இருந்தது.

"இரண்டு மூண்டோ?" என்றார் கணவர். "ஒண்டைக் கொண்டிழுக்கவே எனக்குச் சீவன் போகுது."

"நீங்கள் சும்மா இருங்கோ. அவ வாசிக்கட்டும்."

கடைசி வரிக்கு வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கணவருடைய கடைசிப் பெயர் அவரின் அப்பாவின் பெயர். அக்காவின் பாஸ்போட்டில் அவவின் அப்பாவின் பெயர். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கணவரின் சொந்தப் பெயர். நான்கு பேர், மூன்று கடைசிப் பெயர்கள். நானும் என்னோடு இருக்கும் தம்பியும் ஒரே அப்பாவின் பெயரில் இருப்பதால் எங்கள் வீடு அகப்படவில்லை.

"உந்தக் கேள்வியை எழுதினது நான்தான் அக்கா. பயிற்சிக்கு."

அவ கடிதத்தைத் திருப்பி வாங்கினா. "எங்களைப் பற்றியோ கேட்டனீர்?"

"இல்லை. எல்லா வீட்டையும் பற்றி."

"நாளைக்கு அவங்களிட்டைச் சொல்லுறன்," என்று நானே தொடர்ந்தேன். "கலியாண சேர்ட்டிபிக்கட்டைத் தாங்கோ, கொண்டு போறன்."

"அது அகதிக் கேசுக்கெண்டு லோயரிட்டை," என்றார் கணவர். "அல்பம் இருக்கு. தாலி கட்டுற படத்தைக் காட்டுவமோ?"

மறுநாள் மேலாளரிடம் என் பாஸ்போட்டையே காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அப்படியென்றால் உன் குடும்பத்தின் பெயர் என்ன?"

"அப்படி ஒன்று இல்லை."

"பிறகு எதை வைத்துத் தேடுவது?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. உறவு என்று ஒரு நிரல், யார் யாருக்கு என்ன முறை என்று பதிய ஒரு பத்தி, அட்டவணையில் இருக்க வேண்டும். இல்லாததை எந்தக் கேள்வியாலும் கேட்க முடியாது. எழுதிக் கொடுத்தேன். நல்ல யோசனை என்றார். ஆனால் போன கடிதத்துக்குச் சான்றிதழின் பிரதி வேண்டும், அதுவரை கடிதம் கடிதம்தான் என்றார்.

லோயரின் அலுவலகத்துக்கு மதிய இடைவேளைகளில் போன் எடுத்தேன். கோப்பு வேறு இடத்தில், பொறுங்கள் என்றார்கள். அக்காவால் பொறுக்க முடியவில்லை. கேசு விசாரணைக்கு வராத நேரத்தில் வீட்டுக்காரனோடு பிரச்சினை என்று எங்காவது பதிந்தால், அதையும் கேட்பார்கள் என்று பயந்தா. அது வேறு, இது வேறு என்றேன்.

"உமக்கு வேறை," என்றா. "உமக்கு இங்கை இருக்கிறதுக்குப் பேப்பர் இருக்கு."

பிரதி வருவதற்கு முன்பே அவர்கள் பெட்டி கட்டிவிட்டார்கள். கணவரின் நண்பர் ஒருவரின் நிலக்கீழ் அறைக்குப் போனார்கள். கட்டில் உள்ளே போகவில்லை. அதை எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. உறவு நிரல் சேர்க்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு மாத முடிவிலும் கேள்வி அதோடுதான் ஓடுகிறது. அக்காவின் கேசு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அவர்கள் அந்த நிலக்கீழ் அறையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் விட்ட வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் அதே அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.