பாண்டிலட்சுமி மகனின் தலை

பாண்டிலட்சுமிக்கும் எனக்கும் திருத்தங்கலில் ஒரே அச்சகத்தில் வேலை. மடித்த தாள்களை வரிசையாக அடுக்கிப் புத்தகமாகச் சேர்ப்போம். போன சீசனில் ஒரு விலங்கியல் புத்தகம் வந்தது. குளிர்நாட்டுக் குளங்களில் வாழும் நியூட் என்ற பிராணி. தவளைக்குச் சொந்தம், பார்க்கப் பல்லி. பக்கம் பக்கமாக அதன் மண்டையோடுகள். மேலண்ணத்தில்கூடப் பல்வரிசை. அந்தத் தாள்களைத் தொட்ட கையால் சோறு பிசையவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பாண்டிலட்சுமி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளோ ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, இங்கன பாரு. குஞ்சா இருக்கையில எல்லா இனத்துக்கும் தலை ஏறக்குறைய ஒண்ணு போலத்தான் இருக்காம். வளர வளரத்தான் ஒண்ணு நீளுது, ஒண்ணு அகலுது."

"அத மூடு தாயி, கொமட்டுது."

"மசக்கை எனக்கா, உனக்கா?" என்று சிரித்தாள்.

வெகுநேரம் வலித்துப் பிறந்த மகனுக்குத் தலை பின்பக்கமாக நீண்டிருந்தது. "தானாச் சரியாகிரும், கை வைக்காதீக" என்றார் நர்ஸ் ஜெமிமா. பாண்டிலட்சுமியின் நாத்தனார் வள்ளித்தாய் கேட்கவில்லை.

"வயித்துப் புள்ளையோட பல்லி மண்டையவே பாத்துக்கிட்டிருந்தா வேற எப்பிடிப் பொறக்கும்?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

தினமும் குளிப்பாட்டும்போது கால்களை நீட்டி, பிள்ளையை அதில் கிடத்தி, உள்ளங்கைகளால் தலையை உருட்டிப் பிடிப்பாள். மூக்கில் வாய் வைத்து ஊதுவாள். வெற்றிலைக் கறையேறிய பெருவிரலை வாய்க்குள் விட்டு அண்ணத்தைத் தூக்குவாள். நகத்துக்குள் சுண்ணாம்பு. அவளுடைய வெற்றிலை எச்சில் பிள்ளையின் கன்னத்தில் சிவப்பாக வழியும். துணைக்குப் போய் வெந்நீர் ஊற்ற நின்ற எனக்கு, தாளில் பார்த்த எலும்புகளே சுத்தமாகப் பட்டன.

பாண்டிலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தடுத்தால், தலை கோணலாக நின்றுவிட்டதென்று காலமெல்லாம் அவளைத்தான் சொல்வார்கள்.

ஒரு நாள் விரலோடு வந்த சிவப்பு வெற்றிலைச் சாறல்ல, ரத்தம். பிள்ளை அழக்கூட முடியாமல் விக்கினான். பாண்டிலட்சுமி அவனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும் மதினி. அவனுக்கு வாய்ச்ச தலை எதுவோ, அதுவா வளரட்டும்."

"நாளைக்கு எவடி பொண்ணு குடுப்பா?"

"ஏன், உங்களுக்கே எங்க அண்ணாச்சி புருசனா வாய்க்கலையா?"

வள்ளித்தாய் தரையில் துப்பிவிட்டு, துணைக்குப் பேசச் சொல்வதுபோல என்னைப் பார்த்தாள். நான் மிச்ச வெந்நீரை அந்த எச்சில்மேல் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு அவள் அந்த வாசல் ஏறவில்லை. தலை இன்னும் சற்று நீளம்தான். வாய்ப்புண் ஆறிவிட்டது, பால் குடிக்கிறான்.