வெள்ளிக்கிழமை நாற்காலி

என் வீட்டுக் கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கிறது. வருகிறவர்கள் நேராக அதை நோக்கித்தான் போவார்கள். நான் அவசரமாகப் பெஞ்சைக் காட்டுவேன். கிழவருக்கு நாற்காலிப் பைத்தியம் என்று மருமகள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. சொல்லட்டும். அது என் நாற்காலி அல்ல. ஒரு மனிதருக்காக வைத்திருக்கச் சொல்லி என்னிடம் கொடுக்கப்பட்டது.

கொடுத்தவர் எங்கள் முதலாளியம்மா. அறந்தாங்கிப் பக்கம் அவருடைய அரிசி மில்லில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தில்தான் முதலாளி காலமானார். அதுவரை தர்பார் ஆபீசில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தால் முடிந்த காரியங்களுக்கெல்லாம் இனித் திருச்சிக்கு ஓடவேண்டும். சட்டமும் புதிது, அதிகாரிகளும் புதியவர்கள். மில்லைத் தங்களிடம் விட்டுவிடும்படி கொழுந்தன்மார்கள் தூது அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளையில்லாத அந்த அம்மாவுக்கு மில்லைத் தவிர வேறு பிடிப்பே கிடையாது. “எனக்குத் தெரியாதது நெறைய இருக்கு தம்பி. தெரிஞ்சவுக மூணு பேரு எம்பக்கம் இருந்தாப் போதும், நான் நின்னுக்கிருவேன்” என்றார்.

அந்த மூன்று பேரை அவர் தேடிய விதத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. வக்கீல் வீட்டுக்குப் போய், அவர் தன் குமாஸ்தாவிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தன் விஷயத்தைச் சொன்னார். ஆடிட்டரைப் பற்றிக் கடைத்தெருவில் விசாரித்தார். ஒருவர் வியாபாரத்தை இன்னொருவரிடம் சொல்லாதவர் என்று தெரிந்தபிறகே அழைத்தார். மூன்றாமவர் திருச்சி இன்ஜினீயர். பாய்லர் சரியில்லை என்று ஒரு பெரும்புள்ளியின் மில்லுக்குக் கையெழுத்துப் போட மறுத்தவர். “இந்த மாதிரி மனுசன்தான் நமக்கு வேணும்” என்று அவரை வரவழைத்தார். மூவருக்கும் மூன்று பிரம்பு நாற்காலிகள் வாங்கிப் போட்டார்.

தவறு நடந்தது கிழமையில். வெள்ளிக்கிழமை பாய்லரைக் குளிரவிட்டுச் சுத்தம் செய்வார்கள், மில் ஓடாது. அதனால் ஆலோசனையை அன்றைக்கு வைத்துக்கொண்டார். ஆனால் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ‘இல்லை’ என்ற சொல் கிடையாது. உப்பு தீர்ந்துபோனால் சமையற்காரம்மா “உப்பு நெறைஞ்சிருக்குங்க” என்பார், நான் போய் உப்பு வாங்கி வருவேன். விளக்கேற்றி, வடை பாயசத்தோடு இலைபோட்டு, அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கும். விளக்கு எரிகிற வீட்டில், தாலி அறுத்த ஒரு பெண்ணிடம், அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எவர்தான் கெட்ட செய்தி சொல்வார்? வக்கீல் “நல்லபடியா முடியும்மா” என்பார். ஆடிட்டர் “எல்லாம் கூடிவருதுங்க” என்பார். இருவரும் கெட்டவர்கள் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இன்ஜினீயர் ஒருநாள் பாய்லருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, கரி படிந்த கையோடு கூடத்துக்கு வந்தார். சாப்பிட உட்காரவில்லை. “வெள்ளிக்கிழமைன்னு தெரியும்மா. இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். இந்த பாய்லர்ல உயிர் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தா சீல் வச்சிருவாரு. இந்த அறுப்பு முடிஞ்சதும் மாத்திருங்க” என்றார். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. “அவரு கிடக்காரு, இன்னும் நாலு போகம் தாராளமா ஓடும்மா” என்று வக்கீல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மறுவாரம் அந்த நாற்காலி உமிக் கொட்டகைக்குப் போயிற்று. இன்ஜினீயருக்குச் சொல்லி அனுப்புவதும் நின்றது.

அடுத்த தை அறுப்பில் இன்ஸ்பெக்டர் வந்தார். பாய்லர் சோதனையில் தேறவில்லை. அன்று மாலையே சீல் விழுந்தது. வாசலில் புது நெல்லோடு வரிசையாக நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வேறு மில்லுக்குப் போனதை அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறினார். இன்ஜினீயர் இருந்த வீட்டில் வேறு குடித்தனம் இருந்தது. அவர் வடக்கே எங்கோ வேலை மாறிப் போய்விட்டார், ஊர் தெரியாது என்றார்கள். திரும்பி வரும் வழியில் கீரனூரில் பஸ் நின்றபோது நான் சோடா வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பணம் புரட்டி வேறு பாய்லர் வாங்கி மாட்டுவதற்குள் அறுப்பு முடிந்துவிடும். வேலையாட்கள் அதற்குள்ளேயே அங்கிட்டும் இங்கிட்டுமாக வேறு மில்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். கொழுந்தன்மார் இந்த முறை தூது அனுப்பவில்லை, நேரிலேயே வந்து மில்லை எழுதிக் கேட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையும் வக்கீலும் ஆடிட்டரும் வழக்கம்போல வந்தார்கள். விளக்கு எரிந்தது. இலை போடவில்லை. அம்மா அவர்கள் எதிரில் நின்றபடியே கேட்டார்: “மில்லு நமக்கு இருக்கா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னம்மா இது. நல்லபடியா...” என்று வக்கீல் தொடங்கினார்.

“நல்ல வார்த்தையாச் சொல்லிச் சொல்லியே என்னையக் கொன்னுபுட்டீகளே” என்றார் அம்மா. சத்தம் போடவில்லை. “ஒங்களச் சொல்லி என்ன. வெள்ளிக்கிழமையில கூப்பிட்டவ நான்தான.” பிறகு விளக்கைப் பார்த்துத் திரும்பி, அந்த வீட்டில் அந்தக் கிழமையில் இன்ஜினீயரைத் தவிர யாரும் சொல்லாத சொல்லைத் தானே சொன்னார். “இல்லை. மில்லு இல்லை.”

சமையற்காரம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

மில் கொழுந்தன்மார் கைக்குப் போன பிறகு, அம்மா தன் பிறந்த ஊரான குடுமியான்மலைக்குப் புறப்பட்டார். அன்று உமிக் கொட்டகையிலிருந்து நாற்காலியை எடுத்துவரச் சொல்லி, தன் முந்தானையாலேயே தூசி தட்டினார். “அந்த மனுசன் என்னைக்காவது இங்கிட்டு வந்தா இதுல ஒக்காரச் சொல்லுங்க தம்பி. நான் எந்திரிச்சு உள்ள போனது தப்புன்னு சொல்லுங்க” என்றார். இரண்டு வருஷம் கழித்து அம்மா காலமான செய்தி வந்தது.

என் மகன் இப்போது லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஆடிட்டர் வருகிறார், பேங்க்காரர் வருகிறார், காபி குடித்துவிட்டு எல்லாம் நன்றாக நடக்கிறது என்கிறார்கள். நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எது மெய், எது மரியாதை என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவர்கள் போனபின் பிரம்பு நாற்காலியைத் துடைத்து மறுபடி சுவரோரமாகப் போடுவேன். இன்றும் துடைத்தேன். இன்று வெள்ளிக்கிழமை. மருமகள் விளக்கேற்றியிருக்கிறாள். அந்த இன்ஜினீயர் இனி வரப்போவதில்லை.