தழையில்லாத குழாய்

கேத்தரின் கெட்டிக்காரி. அவளைக் கெடுத்தது அவசரம் பாதி, வெட்கம் மீதி.

நம் சதைக்குள் ஹையலூரானிக் அமிலம் பசை போல இருக்கிறது. பாம்பு விஷத்திலுள்ள ஒரு நொதி அதைக் கரைத்து விஷம் பரவ வழிவிடும். அந்த நொதியை அடக்கும் பொருள் எந்தத் தழையிலாவது உண்டா என்று தேடுவதுதான் தருமபுரிக் கல்லூரி ஒன்றில் அவளுடைய ஆராய்ச்சி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஆடு மேய்க்கும் மாதையன் அவளுக்குத் தழை பறித்துத் தருபவர்.

சோதனையின் முடிவில் கண்ணாடிக் குழாய் தெளிந்தால் நொதி வேலை செய்திருக்கிறது. கலங்கினால் தழை அதை அடக்கிவிட்டது. நொதி கெடவில்லை என்று உறுதி செய்ய, தழையில்லாத குழாய் ஒன்றும் கூடவே வைக்க வேண்டும்; அது தெளிந்தாக வேண்டும்.

அன்று சனிக்கிழமை, இரவு அவள் ஊரில் மாதா தேர். தேருக்கு மல்லிகை வாங்கப் பூக்கடைக்கு ஓடியவள், நொதியைப் பனிக்கட்டியில் வைக்க மறந்தாள். திரும்பி வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று தழையில்லாத குழாயையும் விட்டுவிட்டாள். மாதையனின் தழை போட்ட குழாய்கள் எல்லாம் கலங்கி நின்றன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் போட்டாள்.

"மாதையண்ணா, உங்க தழ வெஷத்தப் பரவ வுடாதுங்க."

திங்கட்கிழமை முறையாகச் செய்து பார்த்தாள். பழைய நொதியில் தழையில்லாத குழாயும் கலங்கியது. நொதி சனிக்கிழமை வெக்கையிலேயே செத்திருந்தது. புது நொதியில் தழைக் குழாய் பளிச்சென்று தெளிந்தது. அப்போதே போன் செய்திருக்கலாம். எந்த முகத்தோடு சொல்வது என்று கூசிக் கூசி நாளைக் கடத்தினாள்.

இரண்டு வாரம் கழித்து மாதையன் ஆய்வகத்துக்கு ஒரு மூட்டையோடு வந்தார்.

"போன புதங்கெழம வூட்டுக்காரி முனியம்மாள கையில கண்ணாடிவிரியன் கடிச்சிருச்சுங்க மேடம். தழய அரச்சிக் கட்டிப்புட்டு சாயங்காலம் வரைக்கும் பாத்தம். அப்புறந்தான் ஆஸ்பத்திரி. உசுரு தப்பிச்சிருச்சு, ரெண்டு வெரலு போயிருச்சுங்க. தழ கொஞ்சமாத்தான் இருந்துச்சு, அதான் கேக்கலயாட்டம் இருக்குது. எங்க தப்புதான். இந்தத் தடவ நெறையா கொண்ணாந்திருக்கறன்."

அவர் நீட்டிய மூட்டையைக் கேத்தரின் வாங்கவில்லை.

"உங்க தப்பில்லைங்கண்ணா. அந்தத் தழ கேக்காது. நான்தான் தப்பாச் சொல்லிப்புட்டங்க."

மாதையன் மூட்டையைக் கீழே வைத்தார்.

"அது உங்களுக்கு எப்பத் தெரியுங்க?"

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"நான் போன் போட்டனே, அதுக்கு ரெண்டாம் நாளேங்க."