துண்டு கட்டாத மாணிக்கத்தின் கண்

கண் டாக்டரிடம் வருகிறவர்கள் கண்ணைத் தவிர வேறெதையும் காட்ட மாட்டார்கள். நீங்களும் அப்படித்தான், நோயாளியாகப் போனால் நானும் அப்படித்தான். எழுபதுகளில் தஞ்சாவூரில் நான் நர்ஸாக இருந்தபோது எங்கள் டாக்டரம்மாவிடம் மட்டும் அது நடக்காது.

விடிந்ததும் போன பார்வை

திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்த நேரம். விவசாயத் தொழிலாளி மாணிக்கத்துக்கு அறுபதைத் தாண்டிய வயது. காலையில் எழுந்தால் வலது கண் இருட்டு. அடி இல்லை, கண்ணில் வலியும் இல்லை. சங்கச் செயலாளர் வீரையன்தான் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தார்.

கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, போன பார்வை திரும்பாது என்று மறைக்காமல் சொன்னார். ஏன் அடைத்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த கண்ணும் போகலாம் என்றார். பிறகு கழுத்திலும் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வீரையனுக்குப் பொறுக்கவில்லை. "கண்ணுதாங்க போச்சு, நெஞ்சு கெட்டியாத்தான் இருக்கு!"

நின்றுபோன வெற்றிலை

கழுத்திலும் நெஞ்சிலும் ஒன்றும் அகப்படவில்லை. நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பாடு, தூக்கம், வெற்றிலை என்று ஊர்க்கதை மாதிரி விசாரித்தார். வெற்றிலையை விட்டுவிட்டாராம். "மெல்ல ஆரம்பிச்சா தாடை கடுக்குதுங்க. நிறுத்தினா சரியாயிடுது."

வெறுந்தலை

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையைத் தொட்டால் நோகுதா என்று கேட்டார். மாணிக்கம் வீரையனைப் பார்த்தார். வீரையன் முகம் இறுகிவிட்டது.

மிராசுதார் எதிரில் தலையில் துண்டு கட்டக் கூடாது என்ற வழக்கத்தைச் சங்கம் வந்துதான் உடைத்திருந்தது. அந்த ஊரில் முதலில் கட்டியவரே மாணிக்கம். அவரே இந்தத் தகராறு நேரத்தில் வெறுந்தலையோடு வயலில் நிற்கவும், ஆள் விலைபோய்விட்டார் என்று ஊரே பேசியிருக்கிறது. மாணிக்கம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "துண்டு பட்டாலே தலை எரியுதுங்க. சொன்னா யாரு நம்புவாங்க?"

போதுமான கண்

நெற்றிப் பொட்டில் ரத்தக்குழாய் தடித்துக் கிடந்தது. தாடைக்கும் தலைத்தோலுக்கும் கண்ணுக்கும் போகும் ரத்தக்குழாயே வீங்கி அடைத்துக்கொள்ளும் நோய், நம் பக்கம் அபூர்வம். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் அப்போதே மாத்திரையை ஆரம்பித்தார் டாக்டரம்மா. அந்தத் துணிச்சலுக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். பிறகு வந்த முடிவும் அதையே சொன்னது. இடது கண் தப்பியது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் வீரையன் கண் கலங்கி, நடந்ததை ஊரில் எல்லோரிடமும் நானே சொல்கிறேன் என்றார். மாணிக்கம் தலையாட்டி மறுத்தார். "நீ சொல்ல வேணாம் தம்பி, கூட்டத்துக்கு நானே வர்றேன். என்னைப் பேசினவன் மூஞ்சிய எல்லாம் பாக்க ஒரு கண்ணு போதும்."

இத்தனைக்கும் மாணிக்கத்தைப் பரிசோதித்த அன்று டாக்டரம்மாவுக்குக் கிடைத்த பாராட்டு, ஒரே ஆளோடு இவ்வளவு நேரமா கதை பேசுவது என்று வெளியே காத்திருந்தவர்கள் போட்ட சத்தம்தான்.