மூடுபனியில் மேடேறிய பேருந்து

மார்லிஸ் கோஸ்கெலா அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஐம்பதைத் தாண்டியவள், பேச்சு குறைவு. ஆனால் படியேறுகிற ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஏரிக்கரைத் தெருக்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேட்டின் உச்சியிலிருந்த லார்ச் மேட்டுப் பள்ளியில் இறக்கிவிடுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

அந்த வசந்தத்தில் பள்ளிக் குழு கூடியது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கட்டடமும் பழசு என்று பள்ளியை மூட முடிவெடுத்தார்கள். மார்லிஸ் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்த்துப் பேசியவர்களுக்கெல்லாம் கை தட்டினாள். தான் மட்டும் எழுந்திருக்கவில்லை. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அதே பிள்ளைகள், அதே பேருந்து. ஆனால் நாற்சந்தியில் மேடேறாமல் கீழே திரும்பி, துறைமுகத்தை ஒட்டிய பெரிய பள்ளிக்குப் போக வேண்டும்.

அக்டோபரில் ஒரு காலை, ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து வந்தது. வீடுகள் கரைந்தன. மரங்கள் பாதியில் நின்றன. தெருவோரம் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வெள்ளையிலிருந்து முளைத்துவந்து படியேறினார்கள். உள்ளே யாரும் சத்தம் போடவில்லை. கண்ணாடியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, பேருந்து மிதக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் கப்பலின் ஊதல் மாடு கத்துவதுபோலக் கேட்டது. மார்லிஸ் எதையும் நினைக்கவில்லை. நாற்சந்தியில் அவள் கைகள் தாமாகவே வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பின.

பேருந்தை நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். பிள்ளைகள் இறங்கிப் பனிக்குள் நடந்தார்கள். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகுதான் பள்ளிக் கதவில் தொங்கிய சங்கிலி அவள் கண்ணில் பட்டது.

பணிமனையோடு பேசும் வானொலிக் கருவியை எடுத்தாள்.

“டுவேன், நான் லார்ச் மேட்டுல இருக்கேன்.”

பணிமனையில் வண்டிகளை அனுப்பும் டுவேன் கேட்டான்: “அங்க என்னடி வேலை? பள்ளிக்கூடமே இல்லையே!”

“இல்லைன்னு இப்பதான் தெரியுது. பிள்ளைங்களையும் இறக்கி விட்டுட்டேன்.”

“சரி, பதறாத. எல்லா வண்டியையும் நின்ன இடத்துலயே நிக்கச் சொல்லிட்டோம். பனி விலகாம வண்டிய கீழ இறக்கிடாத. பிள்ளைங்கள கண்ணு முன்னாடி வச்சுக்க.”

பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் இருந்தார்கள். ஊஞ்சல்களை யாரும் கழற்றியிருக்கவில்லை. ஊஞ்சல் முன்னால் போகும்போது பிள்ளை மறைந்துபோனது. பின்னால் வரும்போது சிரிப்போடு திரும்பி வந்தது. மார்லிஸ் ஈரப் புல்லில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். எங்கிருந்தோ ஒவ்வொரு குரலும் “இருக்கேன்” என்றது. பயம் மெல்ல இறங்கியது. இந்தக் காலை முடியவே வேண்டாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

மூன்றாம் வகுப்பு பிரிட்டா அவளருகில் வந்து நின்றாள்.

“பாதை தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டாள் மார்லிஸ்.

“தெரியுமே.”

“ஏம்மா அப்ப சொல்லல?”

“நீங்க வேணும்னுதான் கூட்டிட்டு வர்றீங்கன்னு நினைச்சோம், மார்லிஸ் மிஸ். சொன்னா திருப்பிடுவீங்கன்னு லீலண்ட் வாயைப் பொத்திக்கச் சொன்னான்.”

பனி விலகி ஏரி தெரிந்ததும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். அன்று மாலையே அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். பனிமேல் பழி போடலாம் என்று டுவேன் சொல்லிக் கொடுத்திருந்தான். அவள் போடவில்லை. “பழக்கத்துல போயிட்டேன். தப்பு என்னோடதுதான்” என்றாள். சில வாரம் வண்டி கொடுக்கவில்லை. ஒரு தகப்பன் தொலைபேசியில் கத்தினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, புதுசாகச் சேர்ந்தவள் மாதிரி, இன்னொரு ஓட்டுநரைப் பக்கத்தில் வைத்துப் புதுப் பாதையில் ஓட்டிக் காட்டினாள்.

அவள் திரும்பி வந்த காலையில், நாற்சந்தி வந்ததும் வண்டியே அதிர்ந்தது.

“மார்லிஸ் மிஸ், கீழ! கீழ!”

“தெரியும், உக்காருங்கடா!”

தினமும் இதே கூத்து. ஏரி உறையத் தொடங்கிய நாட்களில் பிள்ளைகளுக்கு அது அலுத்துப்போய்விட்டது. நாற்சந்தியை யாரும் கவனிக்கவில்லை. மார்லிஸுக்கு என்னவோபோல் இருந்தது. வேகத்தைக் குறைத்து, மேட்டுப் பக்கம் தலையைத் திருப்பி, வேண்டுமென்றே யோசிப்பதுபோல் வண்டியை நிறுத்தினாள்.

பின்னாலிருந்து “கீழ!” என்று முதல் குரல் கிளம்பியது.