கொடியை இறக்கியவன்

கடலை நான் அதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டும் அமாவாசைக்குக் குளிக்கப் போனது. நீச்சலும் தெரியாது. அப்படிப்பட்ட என்னைத்தான் பாய்மரப் படகுப் போட்டிக்குப் பாதுகாப்புச் செயலாளர் ஆக்கினார்கள். சுரங்கத்தின் பாதுகாப்புப் பிரிவில் நான் குமாஸ்தா. விதிகளுக்கு நம்பர் போட்டு டைப் அடிக்கத் தெரியும் என்பதே அவர்களுக்குப் போதுமான தகுதியாகப் பட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நெய்வேலி குவார்ட்டர்ஸில் அப்போது வெளிநாட்டு இன்ஜினியர்கள் சிலர் குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் படகு என்றால் உயிர். நிலக்கரி வெட்டுகிற ஊரில் படகுக்கு எங்கே போவது என்று எல்லாரும் சிரித்தோம். மனிதர் அசரவில்லை. தச்சர், ஃபிட்டர், வெல்டர் என்று ஆள் சேர்த்து, லீவு நாட்களிலேயே ஐந்து படகுகளைக் கட்டி முடித்தார். கடலூர்க் கடலில் ஓட்டிப் பழகினார்கள். ஒரு படகுக்கு இரண்டு பேர். கரை வெறும் கோடாகத் தெரிகிற தூரத்தில் ஒரு மிதவை. அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இதுதான் போட்டி.

விதிகள் எழுத மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். எல்லாரும் தக்கைச் சட்டை போட வேண்டும், இன்ஜின் வைத்த ஒரு மீன்பிடி படகு காவலுக்குக் கடலிலேயே நிற்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. எல்லாரும் கரைக்கு வந்துவிட்டார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் எனக்கும் இன்ஜினியருக்கும் முட்டிக்கொண்டது. ஒவ்வொருவரும் என் முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அவர். எங்கள் ஆட்கள் நனைந்த கையோடு வரிசையில் நிற்க மாட்டார்கள், சுரங்கத்தில் பழகிய டோக்கன் முறையே போதும் என்றேன் நான். உள்ளே போகிறவன் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போவான். திரும்பியதும் அதே ஆணியில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். பத்து ஆணியும் நிறைந்ததும் நான் சிவப்புக் கொடியை இறக்குவேன், காவல் படகு வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினேன். என் பேச்சுதான் எடுபட்டது. அன்று எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஏனென்றால் ஒரு விஷயத்தை நான் அந்தக் கூட்டத்தில் சொல்லவில்லை. ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஒருவனே ஐந்தாறு பேருடைய டோக்கனை வாங்கிவந்து மாட்டுவான். மற்றவர்கள் பின்னால் வந்துகொண்டிருப்பார்கள். பஸ்ஸும் அவர்களுக்காக ஒரு நிமிஷம் நிற்கும். சிநேகிதர்களுக்குள் அது ஒரு உதவி. எனக்கும் தெரியும், என் மேலதிகாரிக்கும் தெரியும். யாரும் கண்டுகொள்வதில்லை.

போட்டி நாளன்று காலை பத்து மணிக்கு ஐந்து படகுகளும் கிளம்பின. குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு மணலில் உட்கார்ந்திருந்தன. நைட் ஷிப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும் என்று, மூன்றரை மணிக்கு பஸ் கிளம்பும் என்று சொல்லிவைத்திருந்தேன். மதியம் போல நான்காவது படகில் போன வெல்டருக்குக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. காவல் படகு அவனை ஏற்றிக் கரையில் விட்டுவிட்டு மறுபடி கடலுக்குப் போனது. அவனோடு போயிருந்த ஃபிட்டர் மட்டும் தனியாகப் படகை ஓட்டி வருவதாகச் சொல்லிவிட்டானாம். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் பஸ் டிரைவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். திரும்பிவந்து பார்த்தபோது அந்தப் படகின் இரண்டு டோக்கனும் பலகையில் தொங்கின.

இரண்டரை மணிக்குள் இரண்டு படகுகள் எங்கள் எதிரிலேயே கரையேறின. நீரோட்டம் இழுத்ததில் மற்றவை வடக்கே தள்ளிக் கரையேறியதாகச் சொன்னார்கள். இன்ஜினியர் ஓட்டிய படகும் அந்தப் பக்கம்தான் ஒதுங்கியிருந்தது. அங்கிருந்து நடந்துவந்த முதல் ஆள், நான்கு பேருடைய டோக்கனையும் கொத்தாக மாட்டினான். பத்து ஆணியும் நிறைந்தன. கொடியை இறக்கினேன். காவல் படகு தெற்கே முகத்துவாரம் பக்கம் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே, நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

அப்போதுதான் காற்று மாறியது. அதுவரை கடலிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று நின்று, வடமேற்கே மேகம் கறுத்து, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தது. சோற்றுப் பொட்டலத்து இலைகள் அலைமேல் போய் விழுந்தன.

ஃபிட்டரின் மனைவி என்னிடம் வந்தாள். காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெண். கையில் தூக்குச்சட்டி. அவர் எங்கே என்று மெதுவாகத்தான் கேட்டாள். நான் பலகையைக் காட்டி, அப்போதே வந்துவிட்டார், டோக்கன் மாட்டியிருக்கிறது என்றேன். அவள் பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“டோக்கன் கீதுங்க. ஆளு எங்கங்க?”

பஸ்ஸுக்கு ஓடினேன். கடைசி சீட்டில் வெல்டர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பினேன்.

“பின்னாலயே வந்துகினு இருக்கேன், என்னுதையும் மாட்டிடுன்னாருங்க. எல்லாரும் அவருக்காவ காத்துக்கினு இருக்க வேணாம்னு குடுத்தாருங்க.”

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் வடக்கேயிருந்து நடந்துவந்தார். நான் உளறியதைக் கேட்டுவிட்டு, பைனாகுலரை எடுத்துக் கடலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். ஒன்றும் இல்லை. கொடியை யார் இறக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். உடனே முகத்துவாரத்தைப் பார்த்து ஓடினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நானும் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் அவள் ஓடிவருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

காவல் படகுக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஒத்த ஆளு நிக்கிறான்னு எனக்குத் தோணிகினே இருந்துச்சுங்க. கொடிய எறக்கினா எல்லாரும் வந்தாச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றார். அவர் கண்ணால் பார்த்ததைவிட என் கொடியை நம்பியிருக்கிறார். அப்படி நம்பத்தான் நான் விதி எழுதியிருந்தேன்.

படகில் நானும் ஏறினேன். வீரம் ஒன்றும் இல்லை. கரையில் அந்தப் பெண்ணின் எதிரில் நிற்பதைவிடக் கடல் பரவாயில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் அந்த எண்ணமும் போய்விட்டது. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் படகின் குறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தேன். சாகப்போகிறோம் என்று நிஜமாகவே நினைத்தேன். அதைவிட மோசமாக, அவன் ஏற்கெனவே செத்திருப்பான் என்றும் நினைத்தேன். அவன் வீட்டு வாசலில் போய் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக மனசுக்குள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மகா கேவலமான புத்தி.

படகுக்காரர் காற்றைக் கணக்குப் போட்டுத் தென்கிழக்கே விட்டார். இடையிடையே இன்ஜினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். அந்த அமைதிதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது. கரை எப்போதோ மறைந்துவிட்டது. நான்காவது தடவை நிறுத்தியபோது இன்ஜினியர் கையைத் தூக்கிக் காட்டினார். கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தின் மேல், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் குப்புறக் கிடந்தான். அசையவில்லை. பக்கத்தில் போனபிறகுதான் தலையைத் தூக்கினான்.

மூன்று பேரும் சேர்ந்து இழுத்துப் போட்டோம். உதடு வெளுத்திருந்தது, பல் கிட்டிப் போயிருந்தது. தண்ணீர் கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைத்தான் பார்த்தான்.

“என் டோக்கன அவன் மாட்டிட்டானாங்க?”

மாட்டிவிட்டான் என்றேன்.

“அதாங்க யாரும் வரல” என்றான். கோபமே இல்லை. ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போலச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வெளிச்சம் இருக்கும்போதே கரைக்கு வந்துவிட்டோம். பஸ் போகவில்லை. நைட் ஷிப்ட் ஆட்கள்கூட இறங்கிவந்து தண்ணீர் ஓரம் நின்றிருந்தார்கள். ஃபிட்டரைத் தூக்கி மணலில் உட்கார வைத்தோம். அவன் மனைவி முகத்தைத் தடவினாள், முந்தானையால் தலையைத் துவட்டினாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. துவட்டுவதை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

“வேற யாரும் உள்ள இல்லீங்களே?” என்று என்னிடம் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பலகையில் இன்னும் பத்து டோக்கனும் தொங்கின. எல்லாருடைய கண்ணும் என்மேல் இருந்தது. நான் எழுந்துபோய் ஃபிட்டரின் தோளைத் தொட்டு, ஒன்று என்றேன். வெல்டரைத் தொட்டேன், இன்ஜினியரைத் தொட்டேன். கூட்டத்துக்குள் நுழைந்து, படகோட்டிய ஒவ்வொருவரையும் தேடித் தொட்டுச் சத்தமாக எண்ணினேன். யாரும் சிரிக்கவில்லை. பத்து வந்தது. நம்பிக்கை வராமல் மறுபடியும் ஃபிட்டரிடமே போய், ஒன்று என்று ஆரம்பித்தேன்.