கரித்துணி கட்டிய பானை

இரண்டு மாதத்துக்கு வீட்டை இன்னொருவர் கையில் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்றதும் எனக்கு வந்தது பயம்தான். ஓசூரில் இருக்கும் என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருமகன் ஷிப்டு வேலைக்குப் போகிறவர். நானும் என் வீட்டுக்காரரும் போயே ஆகவேண்டும். ஆனால் எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. ஆலங்காயத்திலிருந்து மலையேறும் ஜீப் கடைசியாக நிற்கும் புளியமரத்தைத் தாண்டி, கொல்லைமேட்டில் தனியாக இருக்கிறது. பூட்டிவிட்டுப் போனால் திரும்பும்போது கரையானும் எலியும்தான் கதவைத் திறக்கும். மாடு ஒன்று, கோழிகள் வேறு.

என் வீட்டுக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னார். ஆலங்காயத்தில் எனக்குப் பல வருஷமாக ரவிக்கை தைத்துக் கொடுக்கும் தையல்காரர், பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்திருந்தார். பெண்டாட்டியையும் இரண்டரை வயதுப் பெண் குழந்தையையும் எங்கே தங்கவைப்பது என்று தெரியாமல் அல்லாடிக்கொண்டிருந்தார். “அவுங்க வந்து இருக்கட்டும். நமக்கும் காவல், அவுங்களுக்கும் வூடு” என்றார் இவர்.

நான் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. முன்பின் தெரியாதவள் என் அடுப்பங்கரையில் நிற்பாள். என்ன உடைப்பாளோ, எதை எடுப்பாளோ, யாரைக் கூட்டிவந்து உட்காரவைப்பாளோ என்று இரவெல்லாம் புரண்டேன். வெள்ளிக் கொலுசையும் மகளின் சான்றிதழ்களையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டேன். “இன்னாமே, கொள்ளக்காரனுக்கா வூட்ட குடுக்குற?” என்று இவர் சிரித்தார். சிரிப்பதற்கு என்ன, வீட்டைப் பெருக்கித் துடைப்பவள் நான்தானே என்று எரிந்து விழுந்தேன்.

பயத்தோடு ஒரு வெட்கமும் சேர்ந்துகொண்டது. கீழே டவுனில் இருப்பவள், டைல்ஸ் பார்த்தவள், என் வீட்டைப் பார்த்து முகம் சுளித்தால்? ஒட்டடை அடித்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அடுப்புக்கு மேலே புகையேறித் தொங்கிய கயிறு, பரணில் கிடந்த கந்தல், பானைக் கழுத்தில் கட்டியிருந்த அழுக்குத் துணி எல்லாவற்றையும் பிய்த்தெடுத்துக் குப்பையில் போட்டுக் கொளுத்தினேன். மண்பானைகளைத் தேங்காய் நாரால் தேய்த்து வரிசையாக அடுக்கினேன். அன்று சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தபோது, பொய் சொல்வானேன், எனக்கே பெருமையாக இருந்தது.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்கள் வந்தார்கள். இரண்டு பை, ஒரு தையல் மிஷின், ஒரு மாதா படம். அந்தப் பெண் சின்னவள். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வந்ததும் வராததுமாக, “அக்கா, மாதா படத்த இந்த ஆணியில மாட்டிக்கலாங்களா?” என்று கேட்டாள். கேட்ட விதத்திலேயே என் பயம் பாதி இறங்கிவிட்டது. குழந்தை நேராகப் போய்க் கோழியைத் துரத்த ஆரம்பித்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். காட்டினேன் என்பதைவிட மிரட்டினேன் என்பதே சரி. விறகைத் தட்டிப் பார்க்காமல் எடுக்காதே, தேள் இருக்கும். இருட்டினால் டார்ச் இல்லாமல் கொட்டகைப் பக்கம் போகாதே. பின்பக்க சுவிட்சை ஈரக் கையோடு தொடாதே. பலாமரத்தடிக்குக் குழந்தையைத் தனியாக விடாதே, கரடி வந்த இடம் அது. சின்னப் பள்ளம், வழுக்கும் பாறை, முட்டும் மாடு என்று எதையும் விடவில்லை.

“ஐயோ அக்கா, இப்டி பயமுறுத்துனா நான் எப்டிங்க இங்க தூங்குவேன்?” என்று சிரித்தாள்.

“பயந்தாதான் ஒழுங்கா இருப்ப” என்றேன். பிறகு பானைகளைக் காட்டி, “கடையில எதுவும் வாங்கக் கூடாது, சொல்லிட்டேன். சாமை இருக்குது, வரகு இருக்குது, கேவுரு இருக்குது. எந்தப் பானையில வேணுனாலும் எடுத்து ஆக்கு. கொழந்தைக்கு வரகுக் கஞ்சி வெச்சிக் குடு, ஒடம்புக்கு நல்லது” என்றேன். எங்கள் மலையில் வீட்டை ஒருவரிடம் விட்டுப் போகிறவர்கள் காலிப் பானையோடு விட்டுப் போகமாட்டார்கள். அது கேவலம்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். தையல்காரரும் எங்களோடு அதே ஜீப்பில் இறங்கினார். அன்று அவர்கள் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் புளியமரம் வரைக்கும் வந்து கையாட்டினாள். வாணியம்பாடியில் பஸ் மாறி கிருஷ்ணகிரியில் இறங்கினோம். ஓசூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆளுக்கொரு டீ வாங்கினோம்.

டீயை ஆற்றிக்கொண்டே இவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். “இன்னாமே, அந்த நனஞ்ச வரக பொதச்சிட்டியா?”

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் வரகு அறுத்துக் களத்தில் போட்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. போரின் அடிப்பக்கம் நனைந்து பூசணம் பூத்துவிட்டது. அப்படிக் கெட்ட வரகைக் கிறுக்கு வரகு என்போம். பார்ப்பதற்கு நல்ல வரகுபோலவே இருக்கும். ஆக்கித் தின்றால் தலை சுற்றும், கைகால் நடுங்கும், நினைவு தப்பும். மாடே தின்றாலும் விழுந்துவிடும். அதைத் தனியாக வைத்திருந்தும், மெஷினுக்கு எடுத்துப்போனபோது அந்த மூட்டையும் சேர்ந்து போய் உமி நீங்கி வந்துவிட்டது. விதைக்கும் ஆகாது, தின்னவும் ஆகாது. ஆனாலும் தானியத்தைக் குப்பையில் கொட்ட எங்கள் கை வராது. ஒருநாள் குழி எடுத்துப் புதைக்கலாம் என்று ஒரு சின்னப் பானையில் போட்டு, கழுத்தில் கரித்துணி கட்டி மூலையில் வைத்திருந்தேன். எங்கள் மலையில் கரித்துணி கட்டிய பானையை யாரும் தொடமாட்டார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்தத் துணியைத்தான் நான் அசிங்கமாக இருக்கிறது என்று பிய்த்து எரித்திருந்தேன். சாயங்காலம் புதைத்துவிடலாம் என்று நினைத்தது நிஜம். அதற்குள் தண்ணீர் பிடிக்கப் போனேன், மாட்டைக் கட்டினேன், விருந்தாளி வந்துவிட்டார்கள். பானையைப் பளிச்சென்று தேய்த்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிட்டு, எந்தப் பானையில் வேண்டுமானாலும் எடுத்து ஆக்கு என்று வேறு சொல்லியிருக்கிறேன். குழந்தைக்குக் கஞ்சி வைத்துக் கொடு என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்!

அந்தப் பெண்ணின் நம்பருக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. எங்கள் கொல்லையில் சிக்னல் கிடையாது, பாறைமேல் ஏறி நின்றால்தான் வரும். தையல்காரருக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கான்கிரீட் மெஷின் சத்தத்தில் எங்கே கேட்கும்? திரும்பத் திரும்பப் போட்டேன். “எடுய்யா, எடுத்துத் தொலையேன்” என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினேன். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்க பொண்ணு வூட்டுக்குப் போங்க. நான் திரும்பிப் போறேன்” என்றேன். இவர் முகம் வெளுத்துவிட்டது. “நானும் வர்றேன்மே” என்றார். “அங்க ஒருத்தி படுத்துக் கெடக்குறா. போங்கன்னா போங்க” என்று அவரை ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் வாணியம்பாடி பஸ்ஸில் ஏறினேன்.

அந்தப் பயணத்தைப்போல ஒன்று என் எதிரிக்கும் வரக்கூடாது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. என் மூச்சு மட்டும்தான் நிற்கவில்லை. இந்நேரம் அடுப்புப் பற்றவைத்திருப்பாள். இந்நேரம் கஞ்சி கொதித்திருக்கும். இந்நேரம் ஆற்றி ஊட்டிக்கொண்டிருப்பாள். சாமையை எடுத்திருக்கலாமே, கேழ்வரகை எடுத்திருக்கலாமே என்று மனசைத் தேற்றுவேன். உடனே, சின்னப் பானைதானே தூக்கச் சுலபம், முன்னால் இருப்பது அதுதானே என்று தோன்றும். கும்பிடாத சாமியில்லை. அவள் மாட்டிய மாதாவையும் விடவில்லை.

ஆலங்காயத்தில் எங்கள் ஜீப் நின்றுகொண்டிருந்தது. “ஆளு சேரட்டும்மா” என்றார் டிரைவர். “ஒரு கொழந்த சாவப்போவுது, ஆளு சேரணுமா உனக்கு?” என்று நான் போட்ட கூச்சலில் அவர் பீடியை எறிந்துவிட்டு ஏறினார். வளைவுகளில் வண்டி போன வேகத்துக்கு வேறு நாளாக இருந்தால் நானே அவரைத் திட்டியிருப்பேன்.

புளியமரத்தடியில் நிற்கவிடாமல் கொல்லை வழியாகவே வண்டியை விடச் சொன்னேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கோழிகள் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. சத்தமே இல்லை. வாசலில் நின்றபடி, “ஏம்மா... ஏம்மா...” என்று கூப்பிட்டேன்.

அவள் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்மேல் நிற்கவில்லை. கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. “அக்காவா? எனுக்கு இன்னான்னே தெரில அக்கா. வூடே சுத்துது. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்றாள். குழறிக் குழறித்தான் பேச்சு வந்தது. “பாப்பா தூங்குறாக்கா. எழுப்புறேன், எழுந்திரிக்க மாட்டேங்குறா.”

பக்கத்தில் பாயில் குழந்தை கிடந்தது. வாயோரத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. தூக்கினேன். தலை என் கையில் நிற்காமல் பின்னால் தொங்கியது. காதை மார்பில் வைத்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் அதன் சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை. டிரைவர்தான் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, “மூச்சு இருக்குதும்மா, தூக்கு” என்றார்.

மலை இறங்கும்வரை குழந்தையை என் மடியில் வைத்துக் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து வாந்தி எடுத்தாள். என் சேலையெல்லாம் அதுதான். நல்லதுதான், எடு தாயே, எல்லாத்தையும் எடுத்துடு என்று முதுகைத் தடவினேன். ஆஸ்பத்திரியில், “இன்னா சாப்ட்டாங்க?” என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னேன். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். அத்தனை மிஸ்டு கால்களைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டு, காலெல்லாம் சிமென்ட்டோடு தையல்காரர் ஓடிவந்தார். அவரிடமும் ஒளிக்காமல் சொன்னேன். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் குழந்தை கண்ணைத் திறந்தது. முதலில் யாரையும் அடையாளம் தெரியாததுபோலப் பார்த்தது. பிறகு, “அம்மா, கோயி” என்றது. கோழியைக் கேட்கிறது என்று அவள் சொன்னதும், ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் நான் வாய்விட்டு அழுதேன்.

அவர்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் மட்டும் மேலே வந்தேன். இடுப்பளவு குழி எடுத்து அந்த வரகைக் கொட்டி, சாணிக் கரைசலை ஊற்றி மூடினேன். பானையை உடைத்தேன். அவள் எந்தக் கரண்டியை எதில் விட்டாளோ என்று மற்றப் பானைகளில் இருந்ததையும் அதே குழியில் கொட்டினேன். அன்றைக்கு என் கை தயங்கவில்லை. ரேஷன் அரிசி வாங்கி வந்து வைத்தேன். அவர்கள் இனி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்களுக்கும் போக்கிடம் ஏது? வீடு தரைமட்டமாகக் கிடக்கிறது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “மேலயே வர்றோங்கக்கா” என்றார் தையல்காரர். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர்கள் வந்த அன்று நான்தான் சமைத்தேன். சோறும் கொள்ளுக் குழம்பும். மறுநாள் காலை நான் மறுபடி ஓசூருக்குக் கிளம்பவேண்டும். மூன்று பேருக்கும் தட்டு போட்டுப் பரிமாறினேன். குழந்தை பசியில் இரண்டு கையையும் சோற்றுக்கு நீட்டியது. அந்தப் பெண் சட்டென்று அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். என் மலைக் கரடியையும் தேளையும் பற்றிக் கேட்டுச் சிரித்த பெண்தான் அவள்.

“அக்கா, நீங்களும் ஒக்காருங்க” என்றாள் மெதுவாக.

எனக்குப் புரிந்தது. எதிரே உட்கார்ந்து குழந்தையின் தட்டிலிருந்தே ஒரு வாய் அள்ளித் தின்றேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன். இன்னொரு வாய் எடுத்தேன். அதையும் விழுங்கினேன். நேரம் போயிற்று. சோறு ஆறியது. குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் பிறகுதான் அவள் பிடியை விட்டாள்.